நகராத படகில் 42 கிலோமீட்டர்

கேள்வி இதுதான்: "வேளச்சேரியில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் ஜிம்மில் ஒரு ரோயிங் மெஷின் (உட்கார்ந்த இடத்திலேயே துடுப்புப் போடுவது மாதிரி இழுக்கும் உடற்பயிற்சி மெஷின்) சும்மா கிடக்கிறது. அதில் மாரத்தான் தூரம் இழுத்து, புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறும் ஏழைக் குழந்தைகளுக்காகப் பணம் திரட்ட நினைக்கிறோம். நான் ஒருவனே இழுத்துவிட முடியுமா? எவ்வளவு நாள் பயிற்சி வேண்டும்? பணத்தை எப்படி வாங்குவது?"

முடியும். ஆனால் ஒருவராக இழுக்க வேண்டாம் என்பேன். முழு தூரத்தைத் தனியாக இரண்டு முறையும், ஆள் மாற்றி ஆள் உட்கார்ந்து நான்கு முறையும் இழுத்த அனுபவத்தில் சொல்கிறேன். தனியாக இழுத்த இரண்டு தடவையும் சேர்த்து வந்த பணம், ஒரே ஒரு ரிலேயில் வந்ததில் பாதிகூடத் தேறவில்லை. காரணம் எளிது. சாலையில் மாரத்தான் ஓடுகிறவர் நம் தெருவைக் கடந்து போகிறார். கை தட்டலாம், தண்ணீர் கொடுக்கலாம், கூடவே பத்தடி ஓடலாம். மெஷினில் உட்கார்ந்தவர் எங்கேயும் போவதில்லை. மூன்றரை மணி நேரம் ஒரு மனிதன் முன்னும் பின்னும் போய்வருவதை யார் பார்ப்பார்கள்? என் முதல் மாரத்தான் அன்று வீட்டில் பத்து நிமிஷம் பார்த்துவிட்டு, மாவு அரைக்க வேண்டும் என்று எழுந்து போய்விட்டார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை.

உங்கள் மெஷின் எந்த வகை என்று முதலில் பாருங்கள். முன்னால் வட்டக் கூண்டும் அதற்குள் காற்றாடி மாதிரி ஒரு ஃபிளைவீலும் இருந்தால் அது காற்றில் இயங்குவது. பெரும்பாலும் கான்செப்ட்2 கம்பெனியுடையதாகவோ அதைப் பார்த்துச் செய்த ஒன்றாகவோ இருக்கும். அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் அந்தக் கம்பெனியைத் தொடங்கிய டிரைசிகாக்கர் சகோதரர்கள் 1981-இல் கொண்டுவந்த முதல் மாடலில் ஃபிளைவீலாகச் சுற்றியது சாதாரண சைக்கிள் சக்கரம்தான். குளிர்காலத்தில் ஆறு உறைந்துபோனால் பயிற்சி நின்றுவிடக் கூடாது என்பதற்காகச் செய்தது. நம் ஊரில் உறைகிற ஆறு ஏது, அது வேறு கதை. காந்தத்தில் இயங்கும் மெஷின் என்றால் திரையில் வரும் மீட்டர் கணக்கு கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஒரு கம்பெனியின் 42 கிலோமீட்டரும் இன்னொன்றின் 42 கிலோமீட்டரும் ஒன்றல்ல. அப்படியானால் தூரத்தை விட்டுவிட்டு "நான்கு மணி நேரம் நிற்காமல்" என்று அறிவித்துவிடுங்கள். அதில் யாரும் குறை சொல்ல முடியாது.

காற்று மெஷினில் பக்கவாட்டில் 1 முதல் 10 வரை எண் போட்ட ஒரு நெம்புகோல் இருக்கும். அதுதான் டேம்பர். ஜிம்முக்கு வரும் பையன்கள் எல்லோரும் உட்கார்ந்தவுடன் அதை 10-க்குத் தள்ளுவார்கள். அது சைக்கிளில் கியர் மாதிரி. கூண்டுக்குள் எவ்வளவு காற்று போகிறது என்பதை மட்டுமே அது தீர்மானிக்கும். நீங்கள் எவ்வளவு வேலை செய்கிறீர்கள் என்பது உங்கள் கால் தள்ளும் தள்ளலில் இருக்கிறது. 10-இல் வைத்து நீண்ட தூரம் இழுத்தால் முதலில் போவது இடுப்பு. மானிட்டரில் டிராக் ஃபேக்டர் என்று ஓர் எண் பார்க்கலாம், காற்று ஃபிளைவீலை எவ்வளவு தடுக்கிறது என்பதன் அளவு அது. அது 110-க்கும் 130-க்கும் நடுவில் நிற்கும்படி டேம்பரை வையுங்கள். நம் ஊர்த் தூசியில் கூண்டு அடைத்துக்கொண்டிருந்தால் 5-இல் வைத்தாலும் 3 மாதிரிதான் இழுக்கும். அதனால் நிகழ்ச்சிக்கு முன் கூண்டைத் திறந்து சுத்தம் செய்யச் சொல்லுங்கள். சங்கிலிக்கு 50 மணி நேர ஓட்டத்துக்கு ஒரு தரம் எண்ணெய் விட வேண்டும். அபார்ட்மென்ட் மெஷின்களில் அது வாங்கிய நாளோடு சரி.

வேகக் கணக்கு கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் இங்கேதான் எல்லோரும் மாட்டிக்கொள்கிறார்கள். திரையில் பெரிதாகத் தெரிவது 500 மீட்டருக்கு எத்தனை நிமிடம் என்கிற எண். அதை ஸ்பிளிட் என்பார்கள். இரண்டரை நிமிட ஸ்பிளிட்டில் போனால் 42,195 மீட்டருக்கு ஏறத்தாழ 3 மணி 31 நிமிடம் ஆகும். நிமிடத்துக்கு 20 இழுப்பு என்றால் மொத்தம் 4,200-க்குச் சற்று மேல். ஓர் இழுப்புக்குப் பத்து மீட்டர். மூன்று நிமிட ஸ்பிளிட் என்றால் 4 மணி 13 நிமிடம். "இரண்டரையில் போகிறோமே, கொஞ்சம் முறுக்கினால் 2:15-இல் போகலாமே" என்று தோன்றும். அங்கேதான் பொறி இருக்கிறது. காற்றின் எதிர்ப்பு வேகத்தோடு நேராக ஏறாது, தேவைப்படும் சக்தி வேகத்தின் மும்மடிக்கு ஏறும். 2:30-க்கு 104 வாட் போதும். 2:15-க்கு 142 வாட் வேண்டும். பத்து சதவீத அவசரத்துக்கு ஏறக்குறைய நாற்பது சதவீத விலை. முதல் அரை மணியில் கைதட்டலைக் கேட்டு வேகம் கூட்டியவர், 28-ஆவது கிலோமீட்டரில் அதைக் கந்துவட்டியோடு திருப்பிக் கொடுப்பார். நான் கொடுத்திருக்கிறேன்.

இவ்வளவு சொன்ன பிறகும் தனியாகத்தான் என்று பிடிவாதமாக இருந்தால், மூன்று மாதம் எடுத்துக்கொள்ளுங்கள். வாரத்தில் மூன்று நாள் அரை மணியிலிருந்து முக்கால் மணி வரை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் நீண்ட தூரம், 10 கிலோமீட்டரில் தொடங்கி மெதுவாக 30 வரை. பாதி மாரத்தானை இரண்டு முறையாவது முடித்திருக்காதவர் முழு தூரத்துக்கு உட்காரவே கூடாது. மூச்சும் காலும் ஆறு வாரத்தில் பழகிவிடும். பழகாதது பின்புறம்தான். முக்கால் மணி கடந்ததும் அந்தச் சின்ன ஸீட் தன் வேலையைக் காட்டும். கிலோமீட்டர் கணக்கெல்லாம் மறந்துபோய் மனம் முழுக்க அந்த இரண்டு எலும்புகளைப் பற்றியே நினைத்துக்கொண்டிருக்கும். நான்காக மடித்த துண்டு, அல்லது பார்சலில் வரும் குமிழி பிளாஸ்டிக் இரண்டு அடுக்கு, இரண்டில் ஒன்று கைவசம் இருக்கட்டும். ஒவ்வொரு 5 கிலோமீட்டருக்கும் ஒரு நிமிடம் எழுந்து நில்லுங்கள். மொத்தத்தில் எட்டு நிமிடம்தான் போகும். உள்ளங்கையில் கொப்புளம் வருவது ஹேண்டிலை இறுக்கிப் பிடிப்பவர்களுக்கு. பஸ்ஸில் கம்பியில் தொங்குகிற மாதிரி விரல்களை மட்டும் கொக்கியாக மாட்டினால் போதும்.

சரி, ரிலேக்கு வருகிறேன். ஊர் கூடித் தேர் இழுக்கிற வேலை என்று இதை வைத்துக்கொண்டால் பாதிக் கேள்விக்குப் பதில் கிடைத்துவிடும். மெஷினை ஜிம்முக்குள் வைக்காதீர்கள். லிஃப்ட் வாசல், அல்லது பால் பாக்கெட் வாங்க எல்லோரும் கடந்துபோகிற இடம், அங்கே கொண்டுவந்து போடுங்கள். கான்செப்ட்2 மெஷின் இரண்டு துண்டாகப் பிரியும், இரண்டு பேர் தூக்கலாம். மின்சாரமும் வேண்டாம், இழுக்கும்போது மானிட்டர் ஃபிளைவீலிலிருந்தே தனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளும். கரண்ட் போனாலும் மாரத்தான் நிற்காது. ஃபேன்தான் நிற்கும், சென்னையில் அது மெஷினைவிட முக்கியம். பக்கத்து கல்யாண மண்டபத்திலிருந்து ஒரு பெரிய பெடஸ்டல் ஃபேன் வாங்கி வையுங்கள், ஜெனரேட்டர் லைனில்.

ஆளுக்கு ஒரு கிலோமீட்டர் என்றால் 42 பேர் வேண்டும். புதியவர் ஒரு கிலோமீட்டரை ஐந்தரை, ஆறு நிமிடத்தில் இழுப்பார். மாறுவதற்கு அரை நிமிடம். காலை ஐந்தரைக்குத் தொடங்கினால் பத்து மணிக்குள் டிபனுக்குப் போய்விடலாம். நேரத்தைத் தின்பது கால் ஸ்ட்ராப்தான். ஒவ்வொருவருக்கும் பாத அளவை மாற்றிக்கொண்டிருந்தால் விடிந்துவிடும். நடு அளவில் வைத்து, ஸ்ட்ராப்பைக் கட்டாமல், பக்கத்தில் ஒரு பையன் குனிந்து இரண்டு பாதத்தையும் அழுத்திப் பிடித்துக்கொண்டால் போதும். ஒரு கிலோமீட்டருக்கு இது தாராளம். இன்னொன்று, இழுத்து முடித்தவர் சந்தோஷத்தில் ஹேண்டிலை அப்படியே விட்டுவிடுவார், அது சாட்டை மாதிரி போய் மோதும். கொக்கியில் மாட்டிவிட்டு எழுந்திருக்கச் சொல்லுங்கள்.

மானிட்டரில் 42,195 என்று தூரத்தை முதலிலேயே பதிவு செய்துவிடுங்கள். சும்மா இழுக்கும் முறையில் விட்டால் என்ன ஆகும் என்று எங்களுக்குத் தெரியும். ஓ.எம்.ஆரில் ஓர் அலுவலக வளாகத்தில் நடத்தியபோது 17-ஆவது கிலோமீட்டரில் சிறப்பு விருந்தினர் வந்தார். இழுத்துக்கொண்டிருந்த பெண் உட்பட எல்லோரும் எழுந்து நின்றோம். பொன்னாடை போர்த்தி, குத்துவிளக்கு ஏற்றி, ஏசி காற்றில் இரண்டு முறை அணைந்து, மறுபடி ஏற்றி, அவர் இரண்டு வார்த்தை பேசி முடித்துத் திரும்பிப் பார்த்தால் மானிட்டர் இருட்டாக இருந்தது. யாரும் இழுக்காமல் சில நிமிடம் விட்டால் அது தூங்கப் போய்விடும். தொட்டதும் சுழியத்திலிருந்து ஆரம்பித்தது. பழைய தூரம் அதன் நினைவில் பத்திரமாகத்தான் இருந்தது, ஆனால் நின்று பார்த்துக்கொண்டிருந்த எண்பது பேருக்கு அதை எப்படிப் புரியவைப்பது? நல்ல வேளை, ஒருவர் 17-ஐ செல்ஃபி எடுத்து வைத்திருந்தார். இப்போதெல்லாம் தூரத்தையும் பதிவு செய்துவிடுகிறேன், விருந்தினர் வந்தாலும் ஒருவரை இழுத்துக்கொண்டே இருக்கச் சொல்கிறேன். விருந்தினர்களுக்கும் அது பிடித்திருக்கிறது, போட்டோவில் பின்னணி நன்றாக விழுகிறது.

எங்கேயும் போகாத படகை எங்கேயாவது கொண்டுபோனால்தான் மக்கள் நிற்பார்கள். அதற்கு எங்களுக்குக் கிடைத்தது அடையாறு. ஆற்றின் நீளம் ஏறத்தாழ 42 கிலோமீட்டர் என்று எங்கேயோ படித்தபோது எனக்குத் தூக்கமே வரவில்லை. கிட்டத்தட்ட ஒரு மாரத்தான்! ஒரு நீள சார்ட் பேப்பரில் ஆற்றை நீலத்தில் வரைந்து, ஆதனூர், முடிச்சூர், திருநீர்மலை, அனகாபுத்தூர், மணப்பாக்கம், நந்தம்பாக்கம், ஜாபர்கான்பேட்டை, சைதாப்பேட்டை, கோட்டூர்புரம், திரு.வி.க. பாலம், கடைசியில் உடைந்த பாலமும் கடலும் என்று குத்துமதிப்பாகக் குறித்துச் சுவரில் ஒட்டினோம். ஒரு காகிதப் படகு கிலோமீட்டருக்கு ஒரு தரம் நகரும். குழந்தைகளுக்கு அதை நகர்த்துவதில்தான் சண்டை.

யாருக்கு எந்தக் கிலோமீட்டர் என்று சீட்டுக் குலுக்கப் போனோம். ஐம்பது வயதிருக்கும் ஒருவர், எனக்குக் கோட்டூர்புரம் கொடுங்கள் என்று தனியாக வந்து கேட்டார். 2015 டிசம்பரில் அவர் குடியிருந்த தரைத்தளம் முழுகி, அம்மாவைப் படகில் ஏற்றித்தான் வெளியே கொண்டுவந்தாராம். "அன்னிக்கு துடுப்பு வேற யாரோ போட்டாங்க" என்று மட்டும் சொன்னார். அவருடைய முறை வந்தபோது ஆறு நிமிடமும் அந்த இடத்தில் ஒரு பேச்சுச் சத்தம் இல்லை. காற்றாடி சுற்றும் சத்தம் மட்டும்தான்.

அன்றைக்கே இன்னொன்றும் நடந்தது. ஊரூர் குப்பத்திலிருந்து மீன் கொண்டுவரும் அம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "ஏம்ப்பா, போற பக்கம் முதுகக் காட்டிக்கினு ஒக்காந்திருக்கீங்களே, எதிர்ல என்ன வருதுன்னு எப்டிப்பா தெரியும்? எங்க ஊட்டுக்காரரு கட்டுமரத்துல முன்னாடி பாத்துதான் போடுவாரு." போட் கிளப்பில் படகு விடுகிறவர்களும் இப்படித்தான்மா முதுகைக் காட்டிப் போவார்கள் என்றேன். 1867-இல் தொடங்கிய மெட்ராஸ் போட் கிளப் அதே அடையாற்றில் அப்படித்தான் போய்க்கொண்டிருக்கிறது. அவருக்கு அது நியாயமாகப் படவில்லை. ஆனாலும் சேலையைச் செருகிக்கொண்டு உட்கார்ந்து 500 மீட்டர் இழுத்தார். எங்கள் இளைஞர்கள் பலரைவிட நேரான முதுகு, கால் தள்ளி முடித்த பிறகே கை வந்தது. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. எழுந்து, இடுப்புச் சுருக்குப் பையிலிருந்து நூறு ரூபாய் எடுத்து உண்டியலில் போட்டார். அதைப் பார்த்த பிறகு எங்கள் குடியிருப்பில் ஐநூறுக்குக் குறைவாகப் போட யாருக்கும் கை வரவில்லை.

பணத்தைப் பற்றி. "கிலோமீட்டருக்கு இவ்வளவு தருகிறேன்" என்று வாக்குக் கொடுக்கச் சொல்வது வெளிநாடுகளில் பழக்கம். இங்கே அதை நம்பாதீர்கள். வாக்குக் கொடுத்தவரிடம் மறுவாரம் போய்க் கேட்பது கொடுத்த கைமாற்றைக் கேட்பதைவிடச் சங்கடம். முதல் இழுப்புக்கு முன்பே வாங்கிவிட வேண்டும்; பெயர் கொடுக்கும்போதே பணம். க்யூஆர் கோடு உங்கள் கணக்குக்கோ சங்கச் செயலாளர் கணக்குக்கோ போகக் கூடாது, எந்த அறக்கட்டளைக்குத் திரட்டுகிறீர்களோ அதன் கணக்குக்கு நேராகப் போக வேண்டும். நாணயமானவர்களுக்கும் இதில் பெயர் கெட்டிருக்கிறது. நன்கொடை கொடுத்தவருக்கு வருமான வரிச் சலுகை கிடைக்கச் செய்யும் பதிவு (80ஜி என்று பழகிய பெயர்) அறக்கட்டளைக்கு இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால், கொடுத்தவருடைய பான் எண்ணோடு விவரம் தந்தால் நன்கொடைச் சான்றிதழ் கொடுப்பார்கள். பழைய வரி முறையில் இருப்பவருக்கு மட்டுமே இந்தச் சலுகை, அதிலும் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கிடையாது. இதை முன்கூட்டியே போர்டில் எழுதி வையுங்கள், இல்லையென்றால் மார்ச் மாதம் உங்களுக்குத்தான் போன் வரும்.

வெளிநாட்டு உறவினர் விஷயத்தில் கவனம் தேவை. துபாயில் வேலை பார்க்கும் இந்திய பாஸ்போர்ட்காரர் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்ட சித்தப்பா மகன் அனுப்பினால் ஆகும். வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ அட்டை இருந்தாலும் அதே கதிதான். அந்தப் பணத்தை வாங்க அறக்கட்டளைக்கு எஃப்சிஆர்ஏ என்கிற வெளிநாட்டு நன்கொடைச் சட்டப் பதிவு இருக்க வேண்டும், அதற்கென்று டெல்லியில் உள்ள ஸ்டேட் வங்கிக் கணக்குக்குத்தான் போக வேண்டும். உங்கள் க்யூஆரை அமெரிக்க வாட்ஸப் குழுவில் போட்டுவிடாதீர்கள்.

டி-ஷர்ட் அடிக்காதீர்கள். நன்கொடையில் கால்வாசியை டி-ஷர்ட் தின்ற நிகழ்ச்சியைப் பார்த்திருக்கிறேன்.

உடம்பு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். நாற்பதைக் கடந்தவர், பிரஷர், சர்க்கரை, டிஸ்க் தொந்தரவு உள்ளவர் எல்லோரும் ஒரு கிலோமீட்டருக்கே டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வரட்டும். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் வெறும் வயிற்றில் உட்காரக் கூடாது. நம் ஊரில் காலை ஐந்தரைக்கு அதுதான் நடக்கும். நெஞ்சில் பாரம், தலைசுற்றல் என்றால் அந்த நொடியே நிறுத்த வேண்டும், கைதட்டுகிறவர்களைப் பார்க்கக் கூடாது. தனியாக நீண்ட நேரம் இழுப்பவர் வெறும் தண்ணீரை மட்டும் லிட்டர் லிட்டராகக் குடிப்பதும் ஆபத்து, ரத்தத்தில் உப்பு இறங்கிவிடும். தாகத்துக்கு ஏற்றபடி உப்புப் போட்ட மோரோ ஓஆர்எஸ்ஸோ குடிக்கலாம். முடித்த மறுநாள் சிறுநீர் கோலா நிறத்தில் போனால், தசை சிதைந்து சிறுநீரகத்தைத் தாக்குகிறது என்று அர்த்தமாக இருக்கலாம், வீட்டு வைத்தியம் வேண்டாம், நேராக மருத்துவமனை. பழக்கமில்லாமல் வீம்புக்கு இழுத்தவர்களுக்கு இது வரும்.

யாருக்குத் திரட்டுவது என்பதை நீங்களே முடிவு செய்திருப்பீர்கள். அடையாறில் 1954-இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கிய புற்றுநோய் மருத்துவமனையிலிருந்து சின்னச் சின்ன அறக்கட்டளைகள் வரை இந்த ஊரில் பொதுமக்கள் பணத்தில் நடக்கும் இடங்களுக்குப் பஞ்சமில்லை. ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: சிகிச்சையில் இருக்கும் குழந்தையை விழாவுக்கு அழைத்துவந்து மேடையில் நிறுத்தாதீர்கள். கூட்டத்தில் தொற்று ஒட்டும் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணத்தை நான் எழுத வேண்டியதில்லை.

நாள்? ஐப்பசி, கார்த்திகை மழையில் வேண்டாம், வேளச்சேரி என்று வேறு சொல்கிறீர்கள். பொங்கல் விடுமுறையில் பாதிப் பேர் ஊருக்குப் போயிருப்பார்கள். ஜனவரி கடைசியோ பிப்ரவரி முதல் வாரமோ, ஒரு ஞாயிறு பார்த்து வையுங்கள். சார்ட் பேப்பர் ஆறு இன்னும் என் பரண் மேல் சுருட்டியபடி இருக்கிறது, தருகிறேன். பெயர்ப் பட்டியலில் சைதாப்பேட்டைப் பாலத்துக்கு முந்தைய கிலோமீட்டரை மட்டும் எனக்கு விட்டு வையுங்கள். நான் பிறந்து வளர்ந்த தெரு அங்கேதான் இருக்கிறது.